24.9 வோல்ட் இருந்தும் லாரி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

வாசகர் கேள்வி: கடும் குளிர் உள்ள பகுதியில் சொந்தமாக டீசல் லாரி ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் இரவு -30 டிகிரிக்கும் கீழே போகும். வண்டி 24 வோல்ட். 12 வோல்ட், 180 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒன்று போய்விட்டது, அதை மட்டும் மாற்றினேன். இப்போது மறுபடி காலையில் செல்ஃப் திணறுகிறது. இரண்டு முறை வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுத்தான் எடுத்தேன். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "24.9 காட்டுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்கிறார். வாரத்தில் பாதி நாள் கேபினிலேயே தூங்குகிறேன், டீசல் ஹீட்டர் இரவெல்லாம் ஓடும். ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் லைனை ஒரு பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறேன். சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறன்) எது அதிகமோ அதைப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். லித்தியம் போடு என்கிறார் நண்பர். எதை நம்புவது? போன வருடம் வாங்கியதை என்ன செய்வது?

பதில்:

வணக்கம். எந்தப் பேட்டரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதுள்ள நிலையில் எவ்வளவு நல்ல ஜோடியை வாங்கிப் போட்டாலும் அடுத்த குளிர்காலத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். ஹீட்டர், லைட் எதுவும் ஓட வேண்டாம். காலையில் சாவி போடுவதற்கு முன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். உங்கள் மெக்கானிக் பார்த்த 24.9 என்பது இரண்டையும் சேர்த்த கணக்கு. இரண்டும் 12.45 ஆக இருந்தாலும் 24.9 வரும். ஒன்று 12.7, இன்னொன்று 12.2 ஆக இருந்தாலும் அதே 24.9 தான். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன். 12 வோல்ட் லைன் எடுத்திருக்கும் பேட்டரிதான் 12.2 காட்டும்.

12.2 என்பது கேட்க மோசமாகத் தெரியாது. ஆனால் ஈய-அமில பேட்டரியில் 12.6, 12.7 இருந்தால்தான் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 12 வோல்ட் பேட்டரி 12 காட்டினால் சரி என்று நினைப்பவர்கள் நிறைய. குளிரில் மாட்டிக்கொள்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

பாதி சார்ஜ் என்பது செல்ஃப் பலவீனமாகச் சுற்றும் என்பதோடு முடியாது. சார்ஜ் இறங்க இறங்க ஆசிட்டில் உள்ள கந்தக அமிலம் பிளேட்டுக்குள் போய்விடும், மிஞ்சும் திரவம் மேலும் மேலும் தண்ணீராகும். முழு சார்ஜில் உள்ள ஆசிட் -50 டிகிரியிலும் உறையாது. பாதி சார்ஜில் -25 சுமாருக்கே உறையத் தொடங்கும். முழுக்க இறங்கிய பேட்டரி -10 பக்கத்திலேயே கட்டியாகிவிடும். உங்கள் ஊர் இரவு -30 என்கிறீர்கள். அந்த 12.2 பேட்டரி ஒவ்வொரு இரவும் உள்ளே பனிக்கட்டி கட்டும் எல்லையில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ மூடி ஓரத்தில் கீறல் தெரிந்தாலோ அது ஏற்கெனவே ஒரு முறை உறைந்திருக்கக்கூடும். அப்படிப்பட்டதற்குச் சார்ஜர் மாட்டவும் கூடாது, வேறு வண்டியிலிருந்து கேபிள் போடவும் கூடாது. உள்ளே ஐஸ் இருக்கும்போது கரண்ட் ஏற்றினால் வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் தெறிக்கும்.

ஒன்று நிறைந்தும் ஒன்று குறைந்தும் இருப்பது எப்படி? உங்கள் பேட்டரிகள் தொடரில் இணைந்தவை, ஒன்றின் வழியே போகும் அதே கரண்ட்தான் மற்றதன் வழியேயும் போகும். ரேடியோவும் போன் சார்ஜரும் 12 வோல்ட் லைன் எடுத்திருக்கும் பேட்டரியிலிருந்து (அதைக் கீழ்ப்பேட்டரி என்போம், மற்றது மேல்பேட்டரி) மட்டும் தினமும் கொஞ்சம் எடுக்கின்றன. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு இந்தக் கதை தெரியாது. அது இரண்டின் கூட்டுத் தொகையை மட்டும் பார்க்கும், 28 வோல்ட்டைத் தாண்டியதும் திருப்தியடைந்துவிடும். அந்த 28 இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிவதில்லை. நிறைந்திருக்கும் மேல்பேட்டரியில் வோல்டேஜ் ஏறி 15-ஐத் தொடும், அதில் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். குறைந்திருக்கும் கீழ்ப்பேட்டரிக்கு 13 சொச்சம்தான் கிடைக்கும், அது என்றைக்கும் நிறையாது. வண்டியை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் போன பிறகு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அளந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

போன வருடம் ஒன்றை மட்டும் மாற்றியதும் இதே கோளாறைத்தான் கூட்டியிருக்கும். புதியது சார்ஜை ஒரு மாதிரி வாங்கும், பிளேட்டில் சல்ஃபேட் உப்பு படிந்த பழையது வேறு மாதிரி வாங்கும். பழையதன் பலவீனம் புதியதையும் சேர்த்து இழுத்துவிடும். 24 வோல்ட் வண்டியில் மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான். ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், முடிந்தால் ஒரே மாதத் தேதி.

ஆகவே முதல் செலவு பேட்டரிக்கு அல்ல. 24-லிருந்து 12 ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, ரேடியோ, போன் சார்ஜர், 12 வோல்ட்டில் ஓடும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். சிலர் நடு முனையில் இரண்டு பேட்டரியையும் சமப்படுத்தும் ஈக்குவலைசர் போடுவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் உங்களுக்கு இருக்கும் சின்ன லோடுக்குக் கன்வெர்ட்டரே போதும்.

இனி சிசிஏ. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது பதிலும் இல்லை. சிசிஏ என்பது -18 டிகிரியில் பேட்டரி எத்தனை ஆம்பியர் தள்ளும் என்பதற்கான எண். அமெரிக்க எஸ்ஏஇ முறையில் 30 விநாடி வரை 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தர வேண்டும். ஐரோப்பிய இஎன் முறையில் 10 விநாடியில் 7.5 வோல்ட் இருக்க வேண்டும். பழைய ஜெர்மன் டிஐஎன் முறை இன்னும் கடுமையானது, அதனால் அதே பேட்டரிக்கு டிஐஎன் எண் வெகுவாகக் குறைந்து தெரியும். சில லேபிளில் சிஏ அல்லது எம்சிஏ என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அது 0 டிகிரியில் எடுத்தது, உங்கள் குளிருக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டு லேபிளை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எந்த முறையானாலும் அந்த எண் புதிய, முழு சார்ஜுள்ள பேட்டரிக்கு உரியது. -18-லேயே பேட்டரியின் இழுவைத் திறன், இதமான வெப்பநிலையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரம் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி, செல்ஃபுக்கு இரண்டு மடங்குக்கு மேல் பலம் தேவைப்படும். -30-இல் இரண்டும் இன்னும் மோசம். பாதி சார்ஜுள்ள 1,150 ஆம்பியர் பேட்டரியை விட முழு சார்ஜுள்ள 1,000 ஆம்பியர் பேட்டரி அன்றைக்குக் காலையில் உங்களை நன்றாகக் காப்பாற்றும். எஞ்சின் தயாரிப்பாளர் குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள், அதற்கு மேல் கொஞ்சம் இருந்தால் நல்லது. அதற்கும் மேல் எண்ணைத் துரத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அதே அளவு பெட்டிக்குள் எண்ணைக் கூட்டுவதற்கு எளிய வழி, மெல்லிய பிளேட்டுகளை நிறையத் திணிப்பது. மெல்லிய பிளேட் ஒரு நொடியில் நிறையக் கொடுக்கும், ஆனால் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மறுபடி ஏறும் வேலைக்குச் சீக்கிரம் தேயும்.

உங்கள் பேட்டரி செய்வது அந்த வேலைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் விசிறியும் பம்பும் சராசரியாக 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு, சார்ஜர், சின்ன ஃபிரிட்ஜ் சேர்த்து இன்னொரு 60 வாட். மொத்தம் 90 வாட், 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3.75 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 37 ஆம்பியர்-அவருக்கு மேல் போகும். உங்களிடம் இருப்பது 180. தொடரில் இணைத்தால் வோல்ட்தான் கூடும், ஆம்பியர்-அவர் கூடாது. 360 என்று எண்ணிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த 180-உம் இதமான வெப்பநிலையில் அளந்தது. கடுங்குளிரில் அதில் பாதியை எதிர்பார்க்கலாம், பேட்டரி ஏற்கெனவே 12.2-இல் இருந்தால் அதிலும் பாதி. ராத்திரி ஹீட்டர் எடுத்தது போக, காலையில் செல்ஃபுக்கு என்ன மிஞ்சும்?

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். பேட்டரித் தட்டை அளந்து பாருங்கள். 225 ஆம்பியர்-அவர் பேட்டரி 180-ஐ விட ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமானது. இடமும், கட்டும் கிளாம்புக்கு வழியும் இருந்தால் 225-க்குப் போங்கள். வகை என்று பார்த்தால், லாரிக்கென்றே செய்த இஎஃப்பி ஜோடி உங்களுக்குப் போதும். அது சாதாரண ஆசிட் பேட்டரிதான், ஆனால் பிளேட்டின் மேல் பாதுகாப்புத் துணி போர்த்தி, இறங்கி ஏறும் வேலையைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். பெட்டியில் லாரிப் படமும் ஹெவி டியூட்டி என்ற எழுத்தும் இருந்தால் மட்டும் நம்ப வேண்டாம், இஎஃப்பி என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

ஏஜிஎம் வகைப் பேட்டரி? வாரம் முழுக்க கேபினில் தூங்குபவராக இருந்தால் தயங்காமல் அதைச் சொல்லியிருப்பேன். உள் எதிர்ப்பு குறைவு, ஆசிட் கண்ணாடி நார் பாயில் ஊறியிருப்பதால் கொட்டாது, சார்ஜை வேகமாக வாங்கும், அதிர்வையும் தாங்கும். ஆனால் அதிகச் சார்ஜைச் சகிக்காது, வற்றிய தண்ணீரைத் திரும்ப ஊற்றவும் முடியாது. இயங்கும்போது ஒவ்வொரு பேட்டரியிலும் 14.8-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் ஏஜிஎம் போட்டால் மேல்பேட்டரி ஒரே வருடத்தில் காய்ந்துவிடும். கன்வெர்ட்டரைப் போட்டு, தனித்தனி அளவு இரண்டும் ஒன்றுபோல் வருகிறதென்று உறுதியான பின் கேபின் வாசம் அதிகமானால் அப்போது யோசிக்கலாம்.

லித்தியம் வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதனால் அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை வாங்க மறுக்கும். உள்ஹீட்டர் வைத்தவை கிடைக்கின்றன, ஆனால் அந்த ஹீட்டருக்கும் கரண்ட் அதே பேட்டரியிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ வர வேண்டும். கேபினுக்குள் இதமாக வைத்து, ஹீட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக ஒரு சின்ன லித்தியம் பேட்டரி வைப்பது வேறு விஷயம், அது நல்ல யோசனைதான். வண்டியின் சேஸி சட்டத்தில் வெளியே தொங்கும் செல்ஃப் பேட்டரிக்கு அது சரிப்படாது.

பேட்டரிகள் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. சட்டத்தின் கடைசியில், பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால் அதிர்வு அதிகம். ஐரோப்பிய தரப்படி செய்த பேட்டரிகளில் அதிர்வுத் தாங்கும் திறனை வி1 முதல் வி4 வரை குறிப்பார்கள். பின்னால் வைப்பதென்றால் வி3-க்குக் குறையாமல் எடுங்கள். கட்டும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் வி4 கூட உதிர்ந்துவிடும்.

வாங்கும்போது கடையில் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 12.6 காட்டாத புதிய பேட்டரியை எடுக்க வேண்டாம். அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்து சல்ஃபேட் படியத் தொடங்கியிருக்கலாம். தயாரிப்புத் தேதி பெட்டியில் அச்சிட்டிருக்கும் அல்லது மூடியில் சூடுபோட்ட எழுத்தாக இருக்கும். பல தயாரிப்பாளர்கள் மாதத்துக்கு ஓர் எழுத்து, வருடத்துக்கு ஓர் எண் என்று வைப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரையே படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன், நீங்கள் கேட்கவில்லை. நல்லது. ஒரே தொழிற்சாலையிலிருந்து நான்கைந்து பெயரில் பேட்டரி வெளிவருவது இந்தத் துறையில் சகஜம்.

புதிதாகப் போடும் நாளிலேயே கேபிளையும் பார்த்துவிடுங்கள். செல்ஃப் 500 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில், ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு எதிர்ப்பு ஒரே ஒரு இணைப்பில் இருந்தாலும் அங்கே அரை வோல்ட் போய்விடும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணிலும் மறு முனையை அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். 0.1 கூடக் காட்டக் கூடாது. காட்டினால் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் போகும் சின்ன இணைப்புக் கேபிளையும், எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையையும் யாரும் கவனிப்பதில்லை. பச்சை பூத்திருந்தால் மாற்றுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வரி. 15டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் அதன் குளிர்க் கிராங்கிங் சோதனை -20-இல்தான் நடக்கும். 10டபிள்யூ-வுக்கு -25, 5டபிள்யூ-வுக்கு -30, 0டபிள்யூ-வுக்கு -35. உங்கள் எஞ்சின் தயாரிப்பாளர் 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ-வை அனுமதித்தால் குளிர்காலத்துக்கு அதற்கு மாறுங்கள். மின் இணைப்புக் கிடைக்கும் இடத்தில் நிறுத்தும் நாட்களில் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரை இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். செல்ஃபின் பாரம் குறைவதுபோல் வேறெதிலும் பேட்டரிக்கு இவ்வளவு ஓய்வு கிடைக்காது.

அதே மின் இணைப்பில் வாரம் ஒரு முறை சார்ஜரையும் மாட்டுங்கள். குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் செல்ஃப் எடுத்ததே திரும்பாது, இரவில் ஹீட்டர் எடுத்ததை விடுங்கள். வெப்பநிலை ஈடு உள்ள சார்ஜர் வாங்குங்கள். குளிர் 10 டிகிரி கூடினால் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.2 முதல் 0.3 வோல்ட் வரை அதிகமாகத் தர வேண்டியிருக்கும், அந்த வசதி இல்லாத சார்ஜர் பாதி வழியில் பச்சை விளக்கைக் காட்டிவிடும். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் ஏற்றும் பழக்கம் வைத்தால், கன்வெர்ட்டர் வருவதற்கு முன்பும் ஏற்றத்தாழ்வு ஓரளவு சமமாகும்.

இனி போன வருடம் வாங்கியது. அதைத் தூக்கி எறிய வேண்டாம், புதிய ஜோடியோடும் சேர்க்க வேண்டாம். இதமான இடத்தில் வைத்து 12 வோல்ட் சார்ஜரில் முழுக்க ஏற்றுங்கள், ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால், லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: சிசிஏ எண்ணில் பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்தால், இதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. தேறினால் 12 வோல்ட்டில் ஓடும் வேறு ஏதாவதற்கு, ஜெனரேட்டருக்கோ டிராக்டருக்கோ தனியாகப் பயன்படுத்தலாம். தேறாவிட்டால் பழைய பேட்டரியோடு சேர்த்துக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்காக எடுத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டிலும் மூடியைத் திறந்து ஆசிட் மட்டத்தைப் பாருங்கள். 12 வோல்ட் லைன் இல்லாத பேட்டரியில் மட்டும் தண்ணீர் வற்றியிருந்தால் நான் மேலே சொன்ன ஏற்றத்தாழ்வுதான் காரணம், கன்வெர்ட்டரைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வற்றியிருந்தால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கூடுதலாகத் தள்ளுகிறது. புதிய ஜோடியை மாட்டும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.